டிக்கியில் இருந்த 12 அங்குல சப்வூஃபர் ஹோம் தியேட்டருக்கு ஒத்துவருமா?

பழையடிக்கி
வணக்கம் நண்பர்களே. காரை விற்றுவிட்டேன். கொடுப்பதற்கு முந்தின நாள் டிக்கியில் இருந்த பேஸ் சத்தத்துக்கான 12 அங்குல சப்வூஃபரையும் அதன் மோனோ ஆம்பையும் (ஆம்ப்ளிஃபையர்) கழற்றி வைத்துக்கொண்டேன். வாங்கியவருக்கு அதில் ஆர்வமில்லை, எனக்கோ விட்டுக்கொடுக்க மனமில்லை. இப்போது இரண்டும் ஹாலின் மூலையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கின்றன.

வீட்டில் 5.1 ரிசீவர் இருக்கிறது. அதோடு வந்த 8 அங்குல சப்வூஃபர் படத்தில் இடி இடித்தால் இருமுகிறது. கார் சப்பை இதற்குப் பதிலாகப் போட முடியுமா? ஆம்புக்கு 12 வோல்ட் வேண்டும் என்பது தெரியும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்று இருக்கிறது. அது போதுமா? சப் இப்போது போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் இருக்கிறது. அப்படியே இறக்கி வைத்துவிடலாமா?

ரெடிமேட்ராஜா
விற்றுவிட்டு ஒரு ரெடிமேட் ஹோம் சப் வாங்குங்கள். பெட்டி, ஆம்ப், மரம், பசை என்று கணக்குப் போட்டால் கடைசியில் அதே செலவுதான். மண்டையிடி மட்டும் மிச்சம்.

ஓம்மீட்டர்
ராஜா சொல்வது பாதி சரி. கையில் எதுவும் இல்லாதவர் கார் சப் வாங்கி வந்து வீட்டில் போடுவது வீண் வேலை. ஆனால் இவரிடம் சப் ஏற்கெனவே இருக்கிறது.

நண்பரே, கார் சப்புக்கும் வீட்டு சப்புக்கும் கூம்பில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. கூம்பும் காந்தமும் எங்கே வைத்தாலும் ஒரே வேலையைத்தான் செய்யும். மாறுவது மூன்று: மின்சாரம், காயிலின் ஓம் (கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளின் மின்தடை), பெட்டி. உங்கள் கேள்வியில் மூன்றுமே இருக்கின்றன.

முதலில் ஒன்று சொல்லுங்கள். சப்பில் எத்தனை டெர்மினல்? இரண்டா, நான்கா? மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

பழையடிக்கி
நான்கு டெர்மினல். இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி. இரண்டிலுமே 3.6 என்று காட்டுகிறது. காரில் இரண்டு ஜோடியையும் ஒன்றாகச் சேர்த்து ஆம்பில் கொடுத்திருந்தார்கள்.

ஓம்மீட்டர்
அப்படியென்றால் இரட்டைக் காயில், 4 + 4 ஓம். மீட்டர் நேர்மின் தடையை மட்டும் அளப்பதால் 4 ஓம் காயில் மூன்றரைக்குப் பக்கமாகத்தான் காட்டும். காரில் இரண்டையும் பக்க இணைப்பில் போட்டு 2 ஓம் ஆக்கியிருக்கிறார்கள். 12 வோல்ட்டில் ஓடும் ஆம்பிலிருந்து அதிக வாட் பிழிய அதுதான் வழி, அதனால்தான் கார் உலகம் முழுக்க 2 ஓம், 1 ஓம் என்று அலைகிறது.

வீட்டு ஆம்புக்கு 2 ஓம் ஆகாது. பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே போனால் சூடாகி நின்றுவிடும், இல்லையென்றால் புகையும். உங்கள் சப்பைத் தொடராக இணைத்தால் 8, பக்கமாக இணைத்தால் 2. நடுவில் 4 கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆம்பைப் பார்ப்போம்.

பழையடிக்கி
ஒரு காயிலை மட்டும் இணைத்து இன்னொன்றைச் சும்மா விட்டால் 4 ஓம் தானே?

ஓம்மீட்டர்
கணக்குப்படி சரி, சத்தப்படி தப்பு. ஒரு காயிலைத் திறந்து விட்டால் கூம்பை அடக்கிப் பிடிக்கும் மின்காந்தப் பிடி பாதியாகிறது, அதாவது அந்தப் பிடி எவ்வளவு தளர்வு என்று காட்டும் கியூஇஎஸ் எண் இரட்டிப்பாகிறது. உதாரணத்துக்கு 0.55 இருந்தது 1.1 ஆகும். மின்பிடியும் கூம்பின் இயந்திரப் பிடியும் சேர்ந்த மொத்தக் கியூடிஎஸ் 0.5-இலிருந்து 0.9-க்கு மேலே ஏறும். அதை எந்தப் பெட்டியில் போட்டாலும் 'தொம்... தொம்...' என்று இழுக்கும். தாங்கும் வாட்டும் பாதியாகும். வேண்டாம்.

பழையடிக்கி
சரி. ஆசை யாரை விட்டது, நேற்று இரவு கம்ப்யூட்டர் பவர் சப்ளையைச் சோதித்துப் பார்த்தேன். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகிறது. மஞ்சள் ஒயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஆம்புக்கு 12 வோல்ட், ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் டெர்மினலுக்கும் அதிலிருந்தே ஒரு ஒயர். ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஆர்சிஏ கேபிள். பாட்டுக் கேட்டேன், அருமை! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படம் போட்டேன். முதல் வெடி வெடித்ததும் பவர் சப்ளை 'டக்' என்று அணைந்தது. மறுபடி ஆன் செய்தேன். அடுத்த வெடிக்கு மறுபடி 'டக்'. மூன்றாவது தடவை மகள் "அப்பா, பழைய சப்பே இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஓம்மீட்டர்
பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது?

பழையடிக்கி
18 ஆம்பியர். ஆம்பின் மேல் 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்).

ஓம்மீட்டர்
பிறகு அணையாமல் என்ன செய்யும்? 12 வோல்ட், 18 ஆம்பியர் என்றால் 216 வாட். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகுப்பு ஆம்பின் திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 500 வாட் வெளியே வர 625 வாட் உள்ளே போக வேண்டும். காரில் எஞ்சின் ஓடும்போது 13.8, 14.4 வோல்ட் கிடைக்கும். 13.8-இல் கணக்குப் போட்டால் 45 ஆம்பியர். பாட்டில் சராசரி குறைவு என்பதால் தப்பித்தீர்கள். படத்தில் பேஸ் ஒரேயடியாக வரும்.

இன்னொன்று, மின்னழுத்தத்தைத் தானே சீராக்காத ஆம்பாக இருந்தால் 14.4-க்குப் பதில் 12 கொடுக்கும்போதே கிடைக்கும் வாட் ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறைந்துவிடும்.

50 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (12 வோல்ட் பவர் சப்ளை) வாங்கி, கனமான ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு இதை ஓட வைக்கலாம். ஆனால் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக இறக்குகிறீர்கள், அதை ஆம்பின் உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர் மறுபடி ஏற்றுகிறது. மாடியிலிருந்து இறங்கி, மாடிக்குப் போக லிஃப்ட் தேடுகிற கதை. அந்தக் காசை நேரடியாகச் சுவரில் செருகும் ஆம்பில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

நள்ளிரவுபேஸ்
எஸ்எம்பிஎஸ் எதற்கு? ஒரு கார் பேட்டரியும் சார்ஜரும் வைத்தால் எத்தனை ஆம்பியர் வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாமே. நண்பன் ஒருவன் அறையில் அப்படித்தான் வைத்திருந்தான்.

ஓம்மீட்டர்
எத்தனை ஆம்பியர் வேண்டுமானாலும் வரும், அதுதான் ஆபத்தே. திருகுளி ஒன்று இரண்டு முனைக்கும் நடுவில் விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாயும், திருகுளி வெல்டிங் கம்பியாகிவிடும். அதோடு ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படம் பார்க்கும் அறையில் அது இருக்கக் கூடாது. இந்த யோசனையை இத்தோடு விடுவோம்.

பழையடிக்கி
புரிந்தது, கார் ஆம்பை விற்றுவிடுகிறேன். பதிலுக்கு என்ன வாங்குவது?

ஓம்மீட்டர்
ஹோம் சப்களின் பின்பக்கம் பதித்து வரும் பிளேட் ஆம்ப் ஒன்று பார்த்தீர்கள் என்றால் அதிலேயே வால்யூம், கட்டாஃப் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டுவது), ஃபேஸ் (கூம்பு முதலில் முன்னால் போவதா, பின்னால் போவதா) எல்லாம் இருக்கும். ஆனால் வாட் கணக்கை எத்தனை ஓமுக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். '4 ஓமில் 500' என்றால் உங்கள் 8 ஓமில் அதில் பாதிக்குச் சற்று மேலே கிடைக்கும். மேடைக் கச்சேரிக்கான ஸ்டீரியோ ஆம்பை பிரிட்ஜ் செய்து (இரண்டு சேனலையும் ஒன்றாக்கி) 8 ஓமுக்குக் கொடுப்பது இன்னொரு வழி. வாட் தாராளம், ஆனால் ஃபேன் சத்தம் உண்டு. அமைதியான காட்சியில் அது எரிச்சல். கையில் சால்டரிங் பழக்கம் இருந்தால் டிபிஏ3255 என்ற ஆம்ப் சிப் போர்டும் 48 வோல்ட் சப்ளையும் வாங்கி நீங்களே கட்டலாம்.

'1000 வாட்' என்று சப்பின் மேல் பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

அலைநீளம்
மின்சாரம் முடிந்ததென்றால் பெட்டிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் நிஜமான சிக்கல் இதுதான்.

காரின் உட்புறம் சின்னது. அறையின் நீளம் அரை அலைநீளத்துக்கும் குறைவாக இருக்கும் அதிர்வெண்களில் ஒலி அலையாக ஓடுவதில்லை. அடைத்த டப்பாவுக்குள் காற்றை அழுத்தித் தளர்த்துவது போல ஆகிவிடும். 2.8 மீட்டர் நீளமுள்ள காரில் இது 60 ஹெர்ட்ஸ் அளவிலேயே தொடங்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) ஏட்டளவில் 12 டெசிபல் வரை இலவசமாகக் கூடும். மூடிய பெட்டியிலிருக்கும் சப்போ கீழே போகப் போக அதே 12 டெசிபல் வீதம் குறையும். குறைவதும் கூடுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் காரில் 25 ஹெர்ட்ஸ் கூட நெஞ்சில் அடிக்கும்.

வீட்டு ஹாலில் அந்த இலவசம் மிகக் குறைவு. 5 மீட்டர் அறையில் அது தொடங்குவதே 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதுவும் கதவு, ஜன்னல் திறந்திருந்தால் கசிந்துவிடும். காருக்காகக் கட்டிய பெட்டியை அப்படியே ஹாலில் வைத்தால் 40, 50 ஹெர்ட்ஸில் மட்டும் கத்தும். அதற்குக் கீழே ஆளே இருக்காது.

பழையடிக்கி
நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. எல்லா வெடிச் சத்தமும் ஒரே சுருதியில் வருகிறது. ஹெலிகாப்டரும் கதவு சாத்துவதும் ஒரே 'டும்'.

அலைநீளம்
டிக்கிப் பெட்டி போர்ட் வைத்தது அல்லவா? அநேகமாக 40 ஹெர்ட்ஸ் சுற்றி ட்யூன் செய்திருப்பார்கள். இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் போர்ட்டில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி இறுக்கமாக அடைத்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் குறையும், ஆனால் அந்த ஒற்றைச் சுருதி போய்விடும்.

அப்புறம் சப்பின் மாடல் எண்ணைத் தேடி எஃப்எஸ் (கூம்பின் ஒத்ததிர்வு), கியூடிஎஸ், கியூஇஎஸ், வேஸ் (கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) நான்கையும் இங்கே போடுங்கள். தீல் என்ற பொறியாளர் 1961-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் முழுமையாக்கிய அளவீடுகள் இவை. இவை இல்லாமல் பெட்டி கட்டுவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல.

பழையடிக்கி
துண்டு வேலை செய்கிறது! குளியலறையில் துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.5, கியூஇஎஸ் 0.55, வேஸ் 60 லிட்டர்.

மரத்தூள்
100 லிட்டரில் 22 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்து ஒரு போர்ட் பெட்டி கட்டுங்கள் தம்பி. படத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. மூடிய பெட்டி பாட்டுக்கு நல்லது, படத்துக்குப் போர்ட்தான். நான் இதுவரை நான்கு கட்டியிருக்கிறேன்.

அலைநீளம்
அண்ணன் கைவேலையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் இந்தச் சப் அதற்குத் தோதுப்படாது. எஃப்எஸ்ஸைக் கியூஇஎஸ்ஸால் வகுத்தால் 51 வருகிறது. 50-ஐ ஒட்டி இருந்தால் மூடிய பெட்டி, 90, 100 என்று போனால் போர்ட் என்பது பொதுக் கணக்கு. கியூடிஎஸ் 0.5 உள்ள சப்பைப் போர்ட் பெட்டியில் போட்டால் ட்யூன் செய்த அதிர்வெண்ணுக்கு மேலே ஒரு திமில் எழும், அங்கே மட்டும் சத்தம் வீங்கும்.

போர்ட்டின் நீளத்தையும் பாருங்கள். 10 சென்டிமீட்டர் விட்டக் குழாய் என்றால் 41 சென்டிமீட்டர் நீளம் போதும். ஆனால் 12 அங்குலக் கூம்பு தள்ளும் காற்று அந்தக் குழாயில் 'புஸ் புஸ்' என்று ஊதும். நொடிக்கு 17 மீட்டருக்குள் காற்றின் வேகம் இருக்க வேண்டும் என்பார்கள். 15 சென்டிமீட்டர் குழாய்க்குப் போனால் ஊதாது, ஆனால் நீளம் 99 சென்டிமீட்டர் ஆகிவிடும். அந்தக் குழாயே 17 லிட்டருக்கு மேல் இடத்தை விழுங்கும்.

மரத்தூள்
என் நாலாவது பெட்டியில் குழாயை முழங்கை போட்டு வளைத்தேன். பெட்டி துணி துவைக்கும் மிஷின் அளவுக்கு வந்தது. வீட்டில் இன்றைக்கும் அதன் மேல்தான் இஸ்திரிக்குப் போகும் துணி இருக்கிறது. சரி, 0.5 என்றால் மூடிய பெட்டியே போடட்டும். ஆனால் போர்ட் கட்டுகிற மற்றவர்களுக்கு ஒன்று: சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது) இல்லாமல் ஓட்டாதீர்கள். ட்யூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பின்னால் காற்றின் பிடி இருக்காது. அது பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடி காயிலை உடைத்துக்கொள்ளும். என் முதல் சப் அப்படித்தான் போனது. பத்து நொடிக் காட்சி, முடிந்தது.

அலைநீளம்
மூடிய பெட்டிக் கணக்கு எளிது. வேஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அதைக் கியூடிஎஸ்ஸோடு பெருக்கினால் பெட்டியோடு சேர்ந்த கியூ, எஃப்எஸ்ஸோடு பெருக்கினால் பெட்டியோடு சேர்ந்த ஒத்ததிர்வு. 40 லிட்டரில் 0.79, 44 ஹெர்ட்ஸ். 60 லிட்டரில் 0.707, 40 ஹெர்ட்ஸ். இரண்டாவது அழகான எண், தட்டையாக வந்து சீராக இறங்கும். வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டுப் படமாகவும் பார்க்கலாம்.

இந்தப் பெட்டியில் 20 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் குறைவாக இருக்கும். அதை ஈக்யூவில் (ஈக்வலைசரில்) முழுசாகத் தூக்க நினைக்காதீர்கள். 12 டெசிபல் என்பது 16 மடங்கு வாட். கூம்பின் ஆட்டமும் நான்கு மடங்காகும். 5, 6 டெசிபல் தூக்கினால் போதும், மிச்சத்தை அறை கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்.

பழையடிக்கி
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, உள்ளே 60 லிட்டர், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். தச்சரிடம் வெட்டி வாங்கி நானே ஒட்டினேன். பிளேட் ஆம்ப் வந்துவிட்டது. மரத்தூள் அண்ணன் தனிச்செய்தியில் சொன்னபடி மூட்டுகளின் உள்பக்கம் விரலால் பசை தடவி அடைத்தேன். கூம்பை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திவிட்டால் சோம்பேறித்தனமாகத் திரும்பி வருகிறது, அதனால் கசிவு இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் சத்தம் வரவில்லை! ஆம்பில் பச்சை விளக்கு எரிகிறது. ரிசீவரின் டெஸ்ட் டோனுக்குக் கூம்பு அசையவே இல்லை. காதை வைத்தால் எங்கோ தூரத்தில் யாரோ முனகுவது போல இருக்கிறது. ஆம்ப் பழுதா?

ஓம்மீட்டர்
ஆம்பைத் தொடாதீர்கள். இரண்டு காயிலையும் எப்படி இணைத்தீர்கள் என்று ஒயர் ஒயராகச் சொல்லுங்கள்.

பழையடிக்கி
ஆம்பின் பிளஸ் முதல் காயிலின் பிளஸ்ஸுக்கு. அதன் மைனஸிலிருந்து அடுத்த காயிலின் மைனஸுக்கு. அதன் பிளஸ் ஆம்பின் மைனஸுக்கு.

ஓம்மீட்டர்
கிடைத்துவிட்டது. ஒரு காயில் கூம்பை முன்னால் தள்ளுகிறது, இன்னொன்று அதே பலத்தோடு பின்னால் இழுக்கிறது. முதல் காயிலின் மைனஸ் இரண்டாவதின் பிளஸ்ஸுக்குப் போக வேண்டும். மீட்டரில் இது தெரியாது, எப்படிப் போட்டாலும் 7.2 தான் காட்டும்.

ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை எடுங்கள். ஒவ்வொரு காயிலுக்கும் தனித்தனியாக, பேட்டரியின் பிளஸ்ஸைக் காயிலின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு ஒரு நூலிழை வெளியே வந்தால் சரி. இரண்டுக்கும் வெளியே வர வேண்டும். அப்புறம் தொடராக இணைத்துவிட்டு, மொத்தத்துக்கும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பழையடிக்கி
வெளியே வந்தது! மாற்றிப் போட்டதும் அலமாரிக் கண்ணாடியே ஆடிவிட்டது. ஆனால் இப்போது 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் விடாமல் கேட்கிறது, படம் ஓடாதபோதும். ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை விட்டுவிட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார்.

ஓம்மீட்டர்
நிற்கும். ஒருநாள் உங்களையும் நிறுத்திவிடும். எர்த்தில் கை வைக்க வேண்டாம். ரிசீவர், டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். பிறகு டிவிக்கு வரும் ஆன்டெனா அல்லது கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வில்லன் அதுதான். அப்போதும் போகாவிட்டால் ஆர்சிஏ லைனில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், பேஸை விழுங்காத நல்லதாகப் பார்த்து.

பழையடிக்கி
கேபிள் ஒயர்தான். கழற்றியதும் பூரண அமைதி. அந்த ஒயருக்கு நடுவில் வைக்க ஒரு ஐசொலேட்டர் வாங்கினேன்.

ரிசீவரில் என்ன செட்டிங் வைப்பது?

அலைநீளம்
முன் ஸ்பீக்கர்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் (அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்புக்கு) 80 ஹெர்ட்ஸ். எல்எஃப்இ (படத்தின் தனி பேஸ் தடம்) 120. பிளேட் ஆம்பின் கட்டாஃப் குமிழை முழுதாக மேலே திருப்பிவிடுங்கள், ரிசீவரும் வெட்டி ஆம்பும் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். பேஸ் பூஸ்ட் இருந்தால் பூஜ்யம். ஆட்டோ அளவீட்டை ஓட்டிய பிறகு சப்பின் லெவல் மைனஸ் கடைசிக்குப் போயிருந்தால் ஆம்பின் வால்யூமைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

மைக் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளில் ஒரு ஸ்வீப் (தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் டோன்) எடுத்துப் பாருங்கள்.

பழையடிக்கி
எடுத்தேன். 34 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரு கிணறு, 14 டெசிபல் ஆழம். ஈக்யூவில் அந்த இடத்தைத் தூக்கினேன், கூம்பு பயங்கரமாக ஆடுகிறது, வரைபடத்தில் கிணறு அப்படியே இருக்கிறது.

அலைநீளம்
அறையின் நீளம் 5 மீட்டர், சோஃபா சரியாக நடுவில், அதாவது 2.5 மீட்டரில். இதுதானே?

பழையடிக்கி
எப்படித் தெரியும்?!

அலைநீளம்
343-ஐ 10-ஆல் வகுங்கள், 34.3. அறையின் நீளவாக்கில் நிற்கும் முதல் அலை அது, நட்டநடுவில் அதற்குச் சத்தமே கிடையாது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஈக்யூவில் தூக்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அந்த பூஸ்ட்டை எடுத்துவிட்டு சோஃபாவை ஒரு முழம் பின்னால் தள்ளுங்கள். சுவரோடு ஒட்ட வேண்டாம், அங்கே பேஸ் வீங்கும்.

கீழ்த்தளம்
இத்தனை நாள் படித்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களைப் போல ஒருவர் எங்கள் வீட்டு மாடியிலும் இருக்கிறார். பெட்டிக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டிருக்கிறார், தரை அதிர்வு குறைந்தது உண்மை, காற்றில் வரும் பேஸ் குறையவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ரிசீவரில் வெடிச் சத்தத்தை அடக்கும் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்குமாம். பார்த்துச் செய்யுங்கள்.

பழையடிக்கி
கீழ்த்தளம் சார், நைட் மோட் போட்டாயிற்று, பத்து மணி அலாரமும் வைத்துவிட்டேன்.

சோஃபாவை 60 சென்டிமீட்டர் தள்ளியதில் 14 டெசிபல் கிணறு 5-ஆகக் குறைந்தது. நேற்று ஹெலிகாப்டர் வந்தது, ஹெலிகாப்டராகவே வந்தது. மகள் கடைசி வரை எழுந்து போகவில்லை. அலமாரிக் கண்ணாடி மட்டும் பிடிவாதமாகக் கிணுகிணுத்தது. 20-இலிருந்து மெல்ல ஏறும் டோனைப் போட்டுப் பார்த்தேன், 31 ஹெர்ட்ஸில் அகப்பட்டது. கண்ணாடியின் கீழ்க்கரையில் ஒரு துணிப்பட்டை ஒட்டினேன், அடங்கிவிட்டது.

ரெடிமேட்ராஜா
மொத்தச் செலவைக் கடைசி வரை சொல்லவே இல்லையே?

பழையடிக்கி
வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

புதுக்கூம்பு
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது 10 அங்குலம், நான்கு டெர்மினல், ஒவ்வொரு ஜோடியும் 1.8 காட்டுகிறது. எனக்கும் 8 ஓம்தான் வருமா?

ஓம்மீட்டர்
உங்களுடையது 2 + 2, தொடராக இணைத்தால் நேராக 4 ஓம். பிளேட் ஆம்பின் முழு வாட்டும் கிடைக்கும். இணைப்பதற்கு முன் ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு வாருங்கள்.